“ஃபண்ட் இல்லை” என்று ஊராட்சியில் சொன்னால்: எந்தப் பணத்தில் எந்த வேலை நடக்கும்?

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை தேங்கி நிற்கிறது, மோட்டார் காயில் போய்விட்டது. எதற்குப் போய்க் கேட்டாலும் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கும் முதல் பதில், “ஃபண்ட் இல்லீங்க.” அது பெரும்பாலும் பாதி உண்மை. ஒரு கணக்கில் பணம் இருக்கும், ஆனால் அதை நீங்கள் கேட்கும் வேலைக்குத் தொட முடியாது. இன்னொரு கணக்கில் தொட முடியும், ஆனால் பணம் இருக்காது. ஊராட்சிப் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. ஒவ்வொரு பைக்கும் தனி விதி உண்டு. எந்தப் பையிலிருந்து கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் பதில் மாறும். குறைந்தபட்சம், மறுப்புக்கு உண்மையான காரணம் என்ன என்றாவது தெரியவரும்.

தமிழ்நாட்டின் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளும் இயங்குவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி. ஊருக்கு ஊர் வருமானம் மலைக்கும் மடுவுக்குமாக மாறும், ஆனால் பணம் வரும் வழிகள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: ஊர் தானே வசூலிப்பது, மாநில நிதிக்குழு மானியம், ஒன்றிய அரசு அமைக்கும் நிதிக்குழுவின் மானியம், பிறகு திட்ட நிதிகள்.

சொந்த வருவாய்

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், கட்டிட அனுமதிக் கட்டணம், ஏரி குளத்தின் மீன் பாசி ஏலம், புளி போன்ற மரங்களின் மகசூல் ஏலம், சந்தை இருந்தால் அதன் குத்தகை. இவை ஊராட்சியின் பொது நிதியில் சேரும். தொகை சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் ஊராட்சி கொஞ்சம் சுதந்திரமாகக் கை வைக்கக்கூடிய பணம் இதுதான். ராத்திரியில் மோட்டார் எரிந்தால் மறுநாள் காலை ரீவைண்டிங் கடைக்குக் கொடுக்க முடிவது இதிலிருந்துதான். மானியப் பணத்துக்குத் திட்டம், மதிப்பீடு, அனுமதி என்று வரிசை இருக்கிறது. அந்த வரிசை முடியும்வரை ஊர் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது.

வரியைப் பற்றி எந்தத் தலைவரும் கிராம சபையில் பேச விரும்புவதில்லை. ஆனால் பேச வேண்டியது அதைத்தான். ஊராட்சியில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். கேட்பு என்றால் இந்த ஆண்டு வர வேண்டிய தொகை, வசூல் என்றால் வந்தது, நிலுவை என்றால் பாக்கி. நிலுவை எவ்வளவு என்பதைப் பார்ப்பதற்கு முன் கேட்பே சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் ஓட்டை அங்கேதான். பதினைந்து வருடம் முன்பு ஓட்டு வீடாகப் பதிவானது இன்று இரண்டு மாடி கான்கிரீட் வீடாக நிற்கும். பதிவேட்டில் இன்னும் ஓடு வேய்ந்தபடியே இருக்கும். புதிதாகக் கட்டிய திருமண மண்டபம், செல்போன் கோபுரம், கோழிப் பண்ணை, குடோன் எதுவும் ஏறியே இருக்காது. அப்படிப்பட்ட பட்டியலை வைத்து நூறு சதவீதம் வசூல் என்று காட்டினாலும் ஊருக்கு நட்டம்தான்.

தொழில் வரி இன்னும் சுலபமாகத் தப்பும். இது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலுமாகக் கணக்கிடப்படும். அரசியலமைப்பின் 276ஆவது கூறின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. ஊர் எல்லைக்குள் ஒரு கல்லூரியோ நூற்பாலையோ இருந்தால் அங்கே சம்பளம் வாங்குபவர்களின் தொழில் வரி அந்த ஊராட்சிக்கு வர வேண்டும். நிர்வாகம் சம்பளத்தில் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். 200 பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டும் நிலையில் இருந்தால்கூட 2 லட்சம். பல சின்ன ஊராட்சிகளின் மொத்த வீட்டு வரியை இது தாண்டும். நிறுவனத்தின் பதிவு முகவரி நகரத்தில் இருக்கிறது என்று சொல்லி அங்கே கட்டிவிட்டால் ஊராட்சிக்கு ஒன்றும் வராது. ஊராட்சிச் செயலர் நேரில் போய்ப் பட்டியல் கேட்டால்தான் இது தெரியவரும்.

வரியை இப்போது இணையவழியில் ‘வி.பி. டாக்ஸ்’ தளத்தில் கட்டலாம். ரசீது உடனே வரும். கையில் பணமாகக் கொடுத்தால் அச்சிட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்ந்திருக்கும். அது ஊராட்சியின் பணம் கிடையாது, வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுக்க வேண்டியது.

மாநில நிதிக்குழு மானியமும் மின்கட்டணமும்

அரசியலமைப்பின்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதிக்குழு அமைகிறது. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று பகிரப்படுகிறது. அது முதலில் நகரம், கிராமம் என்று பிரியும். கிராமத்துக்கு வந்தது மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மறுபடி பிரியும். கடைசியாக உங்கள் ஊருக்கு வருவதிலும் ஒரு பகுதி தனிக் கணக்குக்குப் போய்விடும். மின்வாரியத்துக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் தரும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டணம் செலுத்துவதற்கான கணக்கு அது. மற்ற வேலைக்கு அதை எடுக்கக் கூடாது. விளக்கும் தண்ணீரும் நிற்கக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி, நல்ல வேலிதான். மிச்சம் பொது நிதியில் சேர்ந்து சம்பளம், பிளீச்சிங் பவுடர், பல்பு, குழாய் பழுது என்று கரையும்.

ஆகவே மின்கட்டணத்தைக் குறைப்பதுதான் ஊராட்சி தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு. கணக்கைப் பாருங்கள். பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 55 என்றே வைப்போம். 100 விளக்கு, இரவு 12 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 66 யூனிட், மாதம் 1,980. அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் நாளைக்கு 24 யூனிட், மாதம் 720. இதுவரை எல்லா ஊராட்சிக்கும் தெரியும். தெரிந்தும் கவனிக்காத இடம் ஸ்விட்ச் பெட்டி. டிரான்ஸ்பார்மர் பக்கத்துக் கம்பத்தில் மூடி இல்லாமல் தொங்கும் அந்தப் பெட்டியில் ஃபியூஸ் கேரியர் உடைந்திருக்கும், ஒயரை நேரடியாகச் சுற்றி விட்டிருப்பார்கள். விளக்கு இரவும் பகலும் எரியும். எல்.இ.டி. மாற்றிக் கிடைத்த சேமிப்பில் பெரும் பங்கு அங்கேயே ஓடிப்போகும், பல்பின் ஆயுளும் பாதியாகும். ஒரு டைமர் ஸ்விட்சும் பூட்டும் போட்டால் முடிந்தது.

விளக்கு கேட்டு மனு எழுதும்போது ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்துடையவை. விளக்கு மாட்டும் சட்டகம், பல்பு, அதற்கான இணைப்பு ஊராட்சியின் பொறுப்பு. ஏற்கெனவே கம்பம் இருந்து அதில் தெருவிளக்குக் கம்பியும் ஓடினால் இது ஒரு மணி நேர வேலை. தெருவிளக்குக் கம்பி அந்தத் தெருவரை வரவில்லை என்றால் மின்வாரியம் மதிப்பீடு போட்டு, ஊராட்சி பணம் கட்டி, கம்பியை நீட்ட வேண்டும். கம்பமே இல்லை என்றால் அது இன்னும் பெரிய வேலை. “எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும்” என்ற ஒரே வரியில் இந்த மூன்றையும் எழுதினால் மனு கோப்பிலேயே தூங்கும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து, கம்பி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதுங்கள்.

ஒன்றிய நிதிக்குழு மானியம்

ஊரில் கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் கணிசமானவை இந்தப் பணத்தில் நடப்பவை. 15ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். அந்த ஐந்தாண்டுக்கான பிரிவு இது: 40 சதவீதம் கட்டுப்பாடற்ற நிதி, 60 சதவீதம் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே எடுக்கக்கூடிய கட்டுண்ட நிதி. அந்த 60இல் 30 குடிநீர், மழைநீர் சேமிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. இன்னொரு 30 சுகாதாரத்துக்கும், திறந்தவெளி மலம் கழித்தலற்ற நிலையைக் காப்பதற்கும்.

சண்டையில் பாதி இங்கேதான் வருகிறது. வங்கிக் கணக்கில் நான்கு லட்சம் இருப்பது தெரியும், சிமெண்ட் சாலை கேட்பார்கள், முடியாது என்பார்கள். அந்த நான்கு லட்சம் குடிநீர்ப் பங்காக இருந்தால் சாலைக்கு எடுக்க முடியாதுதான். அதே தெருவில் பழைய குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது என்றால் குழாய் மாற்ற எடுக்கலாம். வடிகால் வேலையைக் கழிவுநீர் மேலாண்மையின் கீழ்ச் சுகாதாரப் பங்கில் கொண்டுவர முடியும். சாலை என்றால் கட்டுப்பாடற்ற 40இலிருந்து வர வேண்டும். அந்தக் கட்டுப்பாடற்ற பங்கிலும் சம்பளத்தையும் அலுவலகச் செலவையும் போட முடியாது. துப்புரவுப் பணியாளர் சம்பள பாக்கியை நிதிக்குழுப் பணத்தில் கொடுங்கள் என்று தீர்மானம் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறார்கள், அது நிற்காது.

பணம் தவணையாக வரும், நிபந்தனையோடு வரும். கணக்கு தணிக்கையாகி இணையத்தில் ஏறியிருக்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை தமிழ்நாட்டை நிறையவே காயப்படுத்தியிருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, அந்தக் காலத்தில் ஒன்றிய மானியம் நின்றது. அப்படித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து மறுபடி, தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் அரசு அலுவலர் நடத்தும் தனி அலுவலர் ஆட்சி வந்தது. தேர்தல் தள்ளிப்போவதை அரசியல் செய்தியாகப் படித்துவிட்டுப் போகிறோம். அது உங்கள் தெருவின் குழாய்க்கான பணம் தள்ளிப்போகும் செய்தி.

திட்டத்தில் ஏறாத வேலைக்குப் பணம் இல்லை

நிதிக்குழுப் பணத்தைச் செலவிட வேண்டுமானால் அந்த வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இருக்க வேண்டும், அந்தத் திட்டம் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வேலைக்கு அந்த மென்பொருளில் பில் போடவே வராது. ஜூன் மாதம் போய்க் கேட்பவருக்கு “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று பதில் வருவது இதனால்தான். அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்துக்கு வேலைகளைச் சேர்க்கும் காலம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே தெருவாரியாகப் பேசி முடித்துவிடுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பும், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கூட்டம் முடிந்தபின் நூறு நாள் வேலைத் தளத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிரப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைத் தடுக்க எளிய வழி: கூட்டம் முடியும்போது, கலைவதற்கு முன், கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்துக்கும் அப்படியே. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது எந்த நிலையிலும் ஏற்கக் கூடாத ஒன்று.

தீர்மானத்தின் வாசகம் முக்கியம். “தெற்குத் தெருவில் சாலை வசதி செய்து தரக் கோருதல்” என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்: “தெற்குத் தெருவில் மாரியம்மன் கோயில் முதல் மேல்நிலைத் தொட்டி வரை, சுமார் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், பழைய தளத்தை அகற்றி சிமெண்ட் கான்கிரீட் தளம் அமைத்தல், 38 வீடுகள் பயன்பெறும், ஒன்றிய நிதிக்குழு கட்டுப்பாடற்ற நிதியில் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்தல்.” எங்கிருந்து எங்கே, எவ்வளவு, எந்த நிதி, எந்த ஆண்டு என்ற நான்கும் இருந்தால் ஓவர்சியர் மதிப்பீடு போடலாம்.

அதற்கு முன் அந்தப் பாதை யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலையிலும் ஊராட்சி ஒன்றியச் சாலையிலும் கிராம ஊராட்சி தன் பணத்தைப் போட முடியாது. இன்னும் சிக்கலானது மனைப்பிரிவுத் தெரு. அங்கீகாரம் வாங்காமல் விற்ற மனைகளின் நடுவே விட்ட பாதை கணக்கில் இன்னும் பட்டா நிலமாகவே இருக்கும். தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதித் தராதவரை அங்கே அரசுப் பணத்தில் சாலை போட முடியாது. மனை வாங்கும்போதே சாலை ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பத்து வருடம் சேற்றில் நடந்தபிறகுதான் தெரியவருகிறது.

சாலை போடும் அன்று

மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு, வேலை, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் அளவு, பில். காகித வரிசை இது. ஊர்க்காரர் தலையிடக்கூடிய இடம் வேலை நடக்கும் அந்த ஓரிரு நாள்தான்.

மேலே சொன்ன சாலையையே எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். எம்-20 தரக் கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட், அதாவது மொத்தம் 360 மூட்டை. மூட்டையை எண்ணுவது பள்ளிப் பிள்ளையாலும் முடியும். கனம் திருடப்படுவது நடுவில். ஓரத்தில் பலகை 15 செ.மீ. உயரம் காட்டும், நடுவே பழைய தளத்தை மேடாக விட்டு 8 செ.மீ. மட்டும் ஊற்றியிருப்பார்கள். கலவை கொட்டுமுன் இரண்டு ஓரப் பலகைக்கும் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, நூலிலிருந்து தரைவரை அளந்தால் உடனே தெரிந்துவிடும். ஊற்றியபின் கண்டுபிடிக்க வேண்டுமானால் துளைபோட்டு எடுக்க வேண்டும்.

தளம் இறுகியதும், ஒரு நாளுக்குள், சுமார் 4 மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு போட வேண்டும். ஆழம் தளத்தின் கனத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். வெட்டாவிட்டால் கான்கிரீட் சுருங்கும்போது தானே தனக்குப் பிடித்த இடத்தில் விரிசல் விட்டுக்கொள்ளும். பிறகு மண் பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு போட்டோ 14 நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவார். தண்ணீர் காட்டாத தளம் ஆறு மாதத்தில் மேல்தோல் உரிந்து ஜல்லியைக் காட்டும். அப்போது “லாரி போனதால் போய்விட்டது” என்பார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிதாக ஊற்றுவது. இரண்டு முறை அப்படிப் போட்டால் தெரு முக்கால் அடி, ஒரு அடி உயர்ந்துவிடும். தெருவில் ஓடிய மழைத் தண்ணீர் வாசல் தாண்டி வீட்டுக்குள் வரும். அதிகம் பாதிக்கப்படுவது தரைமட்டத்தில் இருக்கும் பழைய தொகுப்பு வீடுகள்தான். அவர்களால் தரையை உயர்த்த முடியாது, கூரை இடிக்கும். தீர்மானத்திலேயே “பழைய தளத்தை அகற்றி” என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அது மதிப்பீட்டில் ஏறினால் அதற்கும் சேர்த்துப் பணம் உண்டு. செய்யாமல் விட்டால் கேள்வி கேட்க ஆதாரமும் உண்டு.

தண்ணீர்த் தொட்டி

குடிநீருக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி போர், மோட்டார், குழாய் என்று போகும். மோட்டார் அடிக்கடி எரிகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் பேனல் போர்டைத் திறந்து பாருங்கள். மூன்று பேஸில் ஒன்று போனபோது நிறுத்தும் ரிலே வேலை செய்கிறதா, தண்ணீர் இறங்கி மோட்டார் வறண்டு ஓடும்போது நிறுத்தும் கருவி இருக்கிறதா, இல்லை ‘டைரக்ட்’ கொடுத்து வைத்திருக்கிறார்களா? ஒரு ரீவைண்டிங் செலவுக்கு அந்த இரண்டு பாதுகாப்பையும் போட்டுவிடலாம். ரீவைண்டிங் பில் ஆண்டுக்கு மூன்று நான்கு வருகிற ஊராட்சியில் முதலில் சரி செய்ய வேண்டியது அதைத்தான்.

தொட்டி மாதம் இருமுறை கழுவப்பட வேண்டும். வழக்கமான தேதிகள் 5, 20. கழுவிய நாளைத் தொட்டியின் தூணில் எழுத வேண்டும், அங்கே பார்த்தாலே தெரியும். குளோரின் கலப்பது இன்னொரு வேலை. அது தினமும் நடக்க வேண்டும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தூளை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. பக்கெட்டில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் ஊருக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். ஊரின் கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும்.

“தினமும் போடுகிறேன், ஆனால் நிறமே வரவில்லை” என்று தொட்டி இயக்குபவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். மூட்டையைப் பாருங்கள். புதிய தூளில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். ஆறேழு மாதம் திறந்த மூட்டையில், ஈரமான அறையில் கிடந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான். விலை குறைவென்று ஒரே தடவையில் ஆண்டுக்கான பவுடரை வாங்கிக் குவிக்கும் ஊராட்சி, ஆண்டின் பின்பாதியில் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்கி, பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைத்தால் போதும்.

கணக்கைப் பார்க்க

இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டமும் பணம் கொடுத்த வவுச்சர்களும் யாருக்கும் தெரியும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். ஆனால் அங்கே நிதிக்குழுப் பணத்தைத்தான் பார்க்கிறீர்கள். சொந்த வருவாயும் மாநில மானியமும் சேர்ந்த பொது நிதியின் கணக்கு கிராம சபையில் வைக்கப்படும் படிவம் 30இல் இருக்கும். அதை ஃபிளெக்ஸ் பேனராகக் கட்டியிருப்பார்கள், எழுத்து சின்னதாக இருக்கும். கைபேசியில் படம் எடுத்து வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். ‘இதர செலவு’ என்ற வரி பெரிதாக இருந்தால் அடுத்த சபையில் அதைப் பிரித்துக் கேளுங்கள்.

பணம் இருந்தும் மாதக்கணக்கில் எதுவும் நகரவில்லை என்றால் கையெழுத்துச் சிக்கலாக இருக்கலாம். ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆவது பிரிவின்படி ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் துப்புரவுப் பணியாளர் சம்பளம்கூட நின்றுவிடும். இதில் தலையிடும் அதிகாரம் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. அவருக்கு அனுப்பும் மனுவில் பகையின் வரலாற்றை விட்டுவிட்டு, எந்த மாதத்திலிருந்து எந்தச் சம்பளம், எந்த மின்கட்டணம் நிலுவை என்பதை எழுதுங்கள். தலைவரே இல்லாத தனி அலுவலர் காலத்தில் மனு போக வேண்டிய இடம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர். அவருக்குப் பல ஊராட்சிகள் இருக்கும், உங்கள் ஊரைத் தெரு தெருவாகத் தெரிந்திருக்க வழியில்லை. கம்ப எண்ணும் நீள அகலமும் அப்போது இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

ஒரு வேலையில் சந்தேகம் இருந்தால் “ஊழல் விவரம் தருக” என்று தகவல் உரிமை மனு போடாதீர்கள். அது திரும்பி வரும். வேலையின் பெயர், ஆண்டு குறிப்பிட்டு, மதிப்பீட்டின் நகல், பணி உத்தரவின் நகல், எம்-புக்கில் அந்த வேலைக்கான பக்கங்களின் நகல், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. எம்-புக் பக்கம் கையில் வந்ததும் அதில் எழுதியிருக்கும் நீளத்தையும் அகலத்தையும் தெருவில் போய் அளந்துவிடலாம். 30 மீட்டர் டேப் ஒன்று, அதைப் பிடிக்க இரண்டு பேர், எழுத ஒருவர்.